தங்கப் பட்டை சொல்லாத கணக்கு

ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு தெர்மாமீட்டர்களின் சென்சாரையும் ஒன்றாகக் கட்டிப் போட்டிருந்தேன். ஒன்று 4.1 டிகிரி காட்டியது. இன்னொன்று 5.6. இரண்டும் நானே செய்தவை. ஒரே சர்க்யூட், ஒரே புரோகிராம், ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய பாகங்கள். கலக்கிவிட்டுப் பார்த்தேன், சென்சார்களை இடம் மாற்றிப் பார்த்தேன். வித்தியாசம் அப்படியே இருந்தது.

தெரிந்த மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில், தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜுக்காகச் செய்தவை அவை. பெரும்பாலான தடுப்பூசிகளை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். சூடு ஏறினால் வீரியம் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். உறைந்துபோனாலும் கெட்டுவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ், முத்தடுப்பு ஊசி போன்றவை ஒருமுறை உறைந்தால் வீண்தான், மறுபடி உருகி பார்க்க நன்றாக இருந்தாலும் சரி. ஆக, கையில் இருக்கும் மொத்த இடமே ஆறு டிகிரி. அதில் ஒன்றரை டிகிரியை என் இரண்டு டப்பாக்களும் தங்களுக்குள்ளேயே தின்றுவிட்டன.

முதலில் டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத ஈயப் பற்று ஏதாவது இருக்குமோ என்று பார்த்தேன். இல்லை. அப்புறம் ஒவ்வொரு போர்டிலும் இருந்த 10 கிலோ ஓம் ரெசிஸ்டரின் ஒரு காலைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தேன். முதல் போர்டில் 9.79 கிலோ ஓம். இரண்டாவதில் 10.15 கிலோ ஓம். இரண்டிலும் உடலைச் சுற்றியுள்ள நிறப் பட்டைகளில் கடைசியானது தங்க நிறம், அதாவது 5 சதவீத டாலரன்ஸ்: சொன்ன மதிப்பிலிருந்து இரு பக்கமும் அவ்வளவு விலகலாம். 9.5 முதல் 10.5 வரை எதுவாக இருந்தாலும் அது நல்ல ரெசிஸ்டர்தான். பாகங்களில் குற்றமில்லை. அந்த 5 சதவீதம் சர்க்யூட்டுக்குள் நுழைந்து, டிஸ்பிளேவில் எத்தனை டிகிரியாக வெளியே வரும் என்று நான் கணக்குப் போடாமல் விட்டதுதான் குற்றம். அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பட்டை எதைச் சொல்கிறது?

தங்கம் என்றால் 5 சதவீதம், வெள்ளி 10, சிவப்பு 2, பழுப்பு 1. பட்டையே இல்லாவிட்டால் 20. இது தயாரிப்பாளர் கொடுக்கும் வாக்கு. புதிதாக, அறை வெப்பநிலையில் அளந்தால் மதிப்பு இந்த எல்லைக்குள் இருக்கும் என்பதோடு அந்த வாக்கு முடிந்துவிடுகிறது. ரெசிஸ்டர் சூடானால் என்ன ஆகும், ஐந்து வருஷம் கழித்து என்ன ஆகும் என்பதற்கெல்லாம் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) வேறு வரிகள் உண்டு.

ரெசிஸ்டர் மதிப்புகள் ஏன் 47, 68, 82 என்று வினோதமாக இருக்கின்றன என்று படிக்கும் காலத்தில் பலரும் கேட்டிருப்போம். அதற்கும் டாலரன்ஸ்தான் காரணம். 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்ற வரிசையில் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறத்தாழ 21 சதவீதம் பெரியது. 22இல் 10 சதவீதம் கூட்டினால் 24.2, 27இல் 10 சதவீதம் கழித்தால் 24.3. இடையே சந்து இல்லை என்றே சொல்லலாம். தொழிற்சாலையில் எந்த மதிப்பில் வந்து விழுந்தாலும் அது கிட்டத்தட்ட ஏதாவது ஒரு பெயருக்குள் அடங்கிவிடும். தூக்கி எறிய வேண்டியதில்லை. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1952இல் இதைத் தரநிலையாக வெளியிட்டது. 5 சதவீதத்துக்கு 24 மதிப்புகள், 1 சதவீதத்துக்கு 96 மதிப்புகள் என்று எல்லை சுருங்கச் சுருங்க வரிசை நீள்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 5 சதவீதம் என்றால் மதிப்புகள் நடுவில் குவிந்து இரு பக்கமும் சமமாகச் சரியும் என்று பாடத்தில் படம் போட்டிருப்பார்கள். ரெசிஸ்டர்கள் நாடாவில் ஒட்டிச் சுருளாக வரும்; ஒரே சுருளிலிருந்து வெட்டியெடுத்தவற்றை வரிசையாக அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும். ஆனால் எல்லாமே ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கலாம். பின்னால் இது நமக்கு உதவப்போகிறது.

ஒரு சதவீதம் எத்தனை டிகிரி?

என் டப்பாவுக்குள் இருப்பது மிக எளிய சர்க்யூட். ஒரு தெர்மிஸ்டர் (வெப்பநிலைக்கு ஏற்பத் தடை மாறும் சென்சார்), ஒரு ரெசிஸ்டர், இரண்டும் வரிசையாக. நடுப்புள்ளியின் வோல்டேஜை மைக்ரோகன்ட்ரோலரின் ஏடிசி, அதாவது வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி, படிக்கிறது. தெர்மிஸ்டர் 25 டிகிரியில் 10 கிலோ ஓம்; அதன் பீட்டா மதிப்பு, அதாவது வெப்பநிலையோடு தடை எவ்வளவு வேகமாக மாறும் என்பதைச் சொல்லும் எண், 3950. குளிரக் குளிர அதன் தடை ஏறும். 8 டிகிரியில் 22.3 கிலோ ஓம், 5 டிகிரியில் 25.9, 2 டிகிரியில் 30.3.

5 டிகிரிக்குப் பக்கத்தில் பார்த்தால், ஒரு டிகிரி மாற்றத்துக்குத் தடை 5.1 சதவீதம் மாறுகிறது. இந்த எண்தான் சாவி. இதைத் திருப்பிப் போட்டால் தடையில் 1 சதவீதப் பிழை என்பது 0.2 டிகிரிப் பிழை. தெர்மிஸ்டர் 5 சதவீதம் கூடுதலாக இருந்தால் ஏறக்குறைய ஒரு டிகிரி குறைவாகக் காட்டும். அதே நேரம் பக்கத்து ரெசிஸ்டர் 5 சதவீதம் குறைவாக இருந்தால் இன்னொரு டிகிரி குறையும். மோசமான நிலைமையில், உண்மையான 5 டிகிரியை ஒரு டப்பா 3 என்று காட்டும், இன்னொன்று 7 என்று காட்டும். 7 என்று காட்டும் டப்பாவை நம்பி நர்ஸ் ஃபிரிட்ஜின் குமிழைத் திருப்பி 2க்குக் கொண்டுவந்தால், உள்ளே உண்மையில் 0 டிகிரி. உறையும் இடம்.

என் இரண்டு ரெசிஸ்டர்களுக்கும் இடையே 3.6 சதவீத வித்தியாசம். அதாவது 0.7 டிகிரி. மீதி 0.8 டிகிரி தெர்மிஸ்டர்களிலிருந்து வந்திருக்க வேண்டும். கணக்கு சரியாகப் பொருந்தியது.

டாலரன்ஸ் கணக்கு முழுவதுக்கும் இதுதான் அடிப்படை: ஒரு பாகத்தை 1 சதவீதம் மாற்றினால் விடை எவ்வளவு நகர்கிறது? ஒவ்வொரு பாகத்துக்கும் இந்தக் கேள்வியைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பதில்கள் ஒன்றுபோல இருக்காது, சில சமயம் ஆச்சரியமாகவும் இருக்கும். தெர்மிஸ்டரின் பீட்டாவில் 1 சதவீதப் பிழை இருந்தால் 25 டிகிரியில் பாதிப்பு பூஜ்யம். அங்கிருந்து விலக விலகத்தான் தலைகாட்டும். 5 டிகிரியில் 0.19 டிகிரி. அறை வெப்பநிலையில் சோதித்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று டப்பாவை மூடுகிறவர்கள் இதை ஒருநாளும் பார்க்க மாட்டார்கள்.

வோல்டேஜ் பக்கம் இன்னும் மோசம். ரெகுலேட்டர் (சப்ளையை நிலையாக வைக்கும் சிப்) தரும் 3.3 வோல்ட்டில் இந்த ஜோடியை ஓட்டி, ஏடிசி ஒப்பிட்டுப் பார்க்கத் தனக்கென்று வேறொரு ரெஃபரன்ஸ் வோல்டேஜை வைத்து அளக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெர்மிஸ்டர் கீழே, ரெசிஸ்டர் மேலே. 5 டிகிரியில் வோல்டேஜில் 1 சதவீதம் பிசகினால் தடைக் கணக்கில் அது 3.6 சதவீதமாகப் பெருகி, 0.7 டிகிரியாக வந்து நிற்கிறது. ரெகுலேட்டரில் 2 சதவீதம், ரெஃபரன்ஸில் 1 சதவீதம் என்றால் அது மட்டுமே 2 டிகிரிக்கு மேல். ரெசிஸ்டரை எவ்வளவு உயர்தரமாக மாற்றினாலும் இந்தப் பிழை துளியும் குறையாது. இதே இரண்டு பாகங்களை மேலும் கீழும் இடம் மாற்றிப் போட்டால் அந்த 0.7 டிகிரி 0.27 ஆகிவிடும். ஒரு பைசா செலவில்லை.

அதைவிட நல்ல வழி இருக்கிறது. ஜோடியை ஓட்டும் அதே வோல்டேஜையே ஏடிசிக்கும் ரெஃபரன்ஸாகக் கொடுத்துவிட வேண்டும். அப்போது ஏடிசி அளப்பது வோல்ட்டை அல்ல, விகிதத்தை. சப்ளை 3.3ஆக இருந்தாலும் 3.2ஆக இருந்தாலும் விகிதம் மாறாது. இந்தப் பிழை அடியோடு ஒழிந்தது. பலரும் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில், ஜோடியை அதன் 5 வோல்ட்டிலேயே ஓட்டி, மற்றதைப் பேசாமல் விட்டுவிட்டால் நடப்பது இதுதான். ‘துல்லியமாக இருக்கட்டும்’ என்று நினைத்து உள்ளிருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு மாற்றுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சிப்பின் டேட்டாஷீட்டிலேயே அது 1.0 முதல் 1.2 வரை எங்கும் இருக்கலாம் என்று போட்டிருக்கிறது.

பிழைகளை எப்படிக் கூட்டுவது?

எல்லாப் பாகங்களையும் 1 சதவீதமாக மாற்றினேன் என்று வையுங்கள். தெர்மிஸ்டர் 0.2, ரெசிஸ்டர் 0.2, பீட்டா 0.19. நேராகக் கூட்டினால் 0.6 டிகிரி. எல்லாப் பிழைகளும் ஒரே நேரத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்தால்தான் இது நடக்கும். ஒவ்வொன்றின் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.34 டிகிரி. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கலாம் என்ற நியாயத்தை இந்த முறை கணக்கில் சேர்க்கிறது.

பாகங்கள் அதிகமாக, உறவுகள் சிக்கலாக ஆகிவிட்டால் மான்டி கார்லோ என்ற முறை. ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் எல்லைக்குள் தற்செயலாக ஒரு மதிப்பைக் கொடுத்து, பத்தாயிரம் சர்க்யூட்டுகளைக் கணினிக்குள்ளேயே செய்து பார்ப்பது. 1940களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தில் ஸ்டானிஸ்லாவ் உலாமும் ஜான் வான் நாய்மனும் நியூட்ரான்களின் ஓட்டத்தைக் கணக்கிட உருவாக்கிய முறை இது. இன்று இலவசமாகக் கிடைக்கும் சர்க்யூட் சிமுலேட்டர்களில்கூட இதைச் செய்யலாம்.

எதைப் பயன்படுத்துவது? என் கருத்து இது: லட்சக்கணக்கில் செய்து விற்கும் பொம்மைக்கு வர்க்கமூலமோ மான்டி கார்லோவோ போதும்; நாலைந்து பழுதாகித் திரும்பி வந்தால் மாற்றிக் கொடுத்துவிடலாம். உயிரோடு சம்பந்தப்பட்ட இடத்தில் நேர்க்கூட்டல்தான். கிளினிக்கில் இருப்பது ஒரே ஒரு ஃபிரிட்ஜ். பத்தாயிரத்தில் எத்தனை சரியாக இருக்கும் என்ற பதில் அந்த மருத்துவருக்கு எதற்கு? அதோடு இந்த வர்க்கமூலக் கணக்கு ஒவ்வொரு பாகத்தின் பிழையும் மற்றவற்றோடு தொடர்பில்லாதது என்று நம்புகிறது. ஒரே சுருளில் வந்த நான்கு ரெசிஸ்டர்களும் ஒரே பக்கம் தள்ளி இருக்கும்போது அந்த நம்பிக்கைக்கு இடமில்லை.

ஒன்றாகத் தவறினால் நல்லது

ஒரே சுருளில் வந்தவை ஒரே பக்கம் தள்ளி இருப்பது சில சமயம் வரம். இரண்டு ரெசிஸ்டர்களும் 3 சதவீதம் கூடுதலாக இருந்தால், அவற்றின் விகிதத்தில் பிழையே இல்லை. ஆம்ப்ளிஃபயர் போன்ற சிப்புகளின் வடிவமைப்பில் பெரும்பகுதி இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது. சிலிக்கானுக்குள் செய்யும் ரெசிஸ்டரின் மதிப்பு 20 சதவீதம்கூடப் பிசகும். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள் ஒன்றுக்கொன்று ஒரு சதவீதத்துக்கும் கீழே பொருந்திவிடும். 1960களில் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் விட்லர் வடிவமைத்த ஆப்-ஆம்ப் சிப்புகளின் (இரண்டு வோல்டேஜ்களின் வித்தியாசத்தைப் பல மடங்கு பெருக்குபவை) வெற்றியில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. தனி மதிப்பை நம்பாமல், ஜோடிப் பொருத்தத்தை நம்பி சர்க்யூட்டை வரைந்தார்.

அதற்கும் முன்னால், பிழையை ஒரு பாகத்திடமிருந்து இன்னொரு பாகத்துக்கு மாற்றிவிடும் வித்தையைக் கண்டவர் ஹரால்டு பிளாக். பெல் ஆய்வகத்துப் பொறியாளர். தொலைதூர டெலிஃபோன் கம்பிகளில் வரிசையாக ஆம்ப்ளிஃபயர்கள் வைக்க வேண்டியிருந்தது. அவற்றில் இருந்த வால்வுகளின் (அந்தக் கால வெற்றிடக் குழாய்கள்) பெருக்கமோ ஒன்றுக்கொன்று, நாளுக்கு நாள் மாறியது. ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் பிழைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகின. 1927 ஆகஸ்ட் 2 காலை, ஹட்சன் ஆற்றில் படகில் வேலைக்குப் போகும்போது அவருக்கு விடை தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் பக்கத்திலேயே எழுதி வைத்தார். வெளிவரும் சிக்னலில் ஒரு பங்கை எடுத்து உள்ளே எதிராகக் கொடுப்பது, அதாவது நெகட்டிவ் ஃபீட்பேக். காப்புரிமை கிடைக்க 1937 ஆகிவிட்டது.

அது என்ன செய்கிறது என்பதை எண்களில் பார்த்தால்தான் அதன் அழகு தெரியும். ஒரு லட்சம் மடங்கு பெருக்கும் ஆப்-ஆம்பை ஃபீட்பேக் கொடுத்து 100 மடங்குக்கு அடக்கினால், கிடைப்பது 99.9. அந்த ஆப்-ஆம்பின் பெருக்கம் பாதியாகக் குறைந்துபோனால் 99.8. உள்ளே 50 சதவீதம் விழுந்தது, வெளியே 0.1 சதவீதம்தான் தெரிந்தது. ஆனால் அந்த 100ஐ நிர்ணயிக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள் 1 சதவீதமாக இருந்தால் பெருக்கம் 98க்கும் 102க்கும் நடுவில் எங்கும் இருக்கலாம். பிழை காணாமல் போகவில்லை. சமாளிக்கவே முடியாத வால்விடமிருந்து, கைக்கு அடங்கும் ரெசிஸ்டரிடம் இடம் மாறியது.

பொருத்தம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். 12 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவ் கம்பியில் ஷன்ட், அதாவது மிகச் சிறிய ஒரு ரெசிஸ்டர், வைத்து கரண்ட் அளக்கிறோம். முழுக் கரண்ட்டில் ஷன்ட்டின் இரு முனைகளுக்கும் நடுவே 75 மில்லிவோல்ட். இந்த வித்தியாசத்தை மட்டும் எடுத்துத் தர ஒரு ஆப்-ஆம்ப், நான்கு சம ரெசிஸ்டர்கள். இரண்டு முனையிலும் பொதுவாக இருக்கும் 12 வோல்ட்டை அந்த நான்கும் சேர்ந்து கழித்துவிட வேண்டும். நான்கும் 1 சதவீதம் என்றால், மோசமான நிலையில் அந்த 12 வோல்ட்டில் ஐம்பதில் ஒரு பங்கு தப்பித்து வெளியே வரும். 240 மில்லிவோல்ட். அளக்க வந்ததைவிட மூன்று மடங்கு பெரிய பொய். 0.1 சதவீதம் போட்டாலும் 24 மில்லிவோல்ட் மிச்சம். இந்த இடத்தில் தனி ரெசிஸ்டர்களை எடுத்துப் பொருத்திப் பார்ப்பதில் காலத்தை வீணாக்க வேண்டாம். நான்கையும் உள்ளேயே ஒன்றுக்கொன்று பொருத்தி வைத்த சிப்பை வாங்கிப் போடுவதே சரி.

கெபாசிட்டர் பக்கம் போனால் சதவீதங்களே வேறு. எலக்ட்ரோலிட்டிக் 20 சதவீதம் சாதாரணம், 555 டைமரில் அதை வைத்துப் பத்து நிமிஷம் என்று செட் செய்தால் எட்டும் வரும், பன்னிரண்டும் வரும். செராமிக்கில் ஒய்5வி வகை, வெப்பநிலை மாறும்போது 82 சதவீதம்வரை இழக்க அனுமதி உண்டு. எக்ஸ்7ஆர் நல்லது, 15 சதவீதத்துக்குள் நிற்கும். ஆனால் மிகச் சிறிய உடலில் பெரிய மதிப்பை அடைத்த செராமிக் எதுவும், வோல்டேஜ் ஏறும்போது பாதிக்கும் கீழே போய்விடுவது சகஜம். பட்டையிலும் இல்லை, பெயரிலும் இல்லை. டேட்டாஷீட்டின் வளைகோட்டில் மட்டும் இருக்கும். சப்ளையை வடிகட்ட மட்டும் வைத்திருந்தால் கவலையில்லை. நேரத்தையோ அதிர்வெண்ணையோ அது நிர்ணயித்தால் கவலைப்பட வேண்டும்.

ஐஸ் கட்டி வைத்தியம்

இவ்வளவு கணக்குக்குப் பிறகு, விலை உயர்ந்த தெர்மிஸ்டர் வாங்குவதுதான் வழியா? இல்லை. தெர்மிஸ்டர் பிழையும் ரெசிஸ்டர் பிழையும் என் சர்க்யூட்டில் ஒரே மாதிரி நுழைகின்றன: தடையின் விகிதத்தை ஒரு மாறாத எண்ணால் பெருக்குகின்றன. உண்மை தெரிந்த ஒரே ஒரு வெப்பநிலையில் அளந்தால் அந்த எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். 0 டிகிரியை இயற்கையே இலவசமாகத் தருகிறது. 0 டிகிரியில் சரிசெய்துவிட்டால், 1 சதவீத பீட்டா பிழை 5 டிகிரியில் மிச்சம் வைப்பது 0.05 டிகிரிதான். தங்கப் பட்டை ரெசிஸ்டரும் ஐஸும் சேர்ந்து, சும்மா போட்ட 1 சதவீதப் பாகங்களை ஜெயித்துவிடும்.

ஆனால் ஐஸ் தீர்ப்பது பிறவிப் பிழையை மட்டும். பிறகு வளரும் பிழையை அது தொடாது. கார்பன் ரெசிஸ்டர் டிகிரிக்கு 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு) மாறுகிறது என்றால், மார்கழிக் காலைக்கும் சித்திரை மதியத்துக்கும் போர்டு 20 டிகிரி வேறுபடும்போது 0.6 சதவீதம், அதாவது 0.12 டிகிரி தானாகவே நகரும். 50 பிபிஎம் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் போட்டால் 0.02. இதனால்தான் கார்பனைக் கழற்றினேன். பழுப்புப் பட்டைக்காக அல்ல, அந்த 50க்காக. தெர்மிஸ்டரிலும் அப்படித்தான்: எபாக்ஸி பூசியதைவிடக் கண்ணாடிக்குள் மூடியது ஈரத்துக்கு அசையாமல் பல வருஷம் நிற்கும். ஃபிரிட்ஜுக்குள் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

ரெசிஸ்டர்களை மாற்றியபின் ஐஸ் வைத்தேன். நல்ல தண்ணீரில் உறையவைத்த கட்டிகளைத் துணியில் சுற்றி நொறுக்கி, ஃபிளாஸ்க்கின் வாய்வரை நிரப்பி, இடைவெளி அடையும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டும். ஐஸ் மிதந்து கீழே தண்ணீர் மட்டும் நின்றால் அங்கே 4 டிகிரிகூட இருக்கும். தண்ணீர் மிகக் கனமாக இருப்பது அந்த வெப்பநிலையில்தான். அதனால் சென்சார் அடியைத் தொடாமல் நடுவில் தொங்க வேண்டும். கிளறிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தேன்.

முதல் டப்பா மைனஸ் 0.4 காட்டியது. இரண்டாவது 0.3. 33.6 கிலோ ஓம் வர வேண்டிய இடத்தில் ஒன்று 34.4 என்றும் மற்றது 33.1 என்றும் கணக்கிட்டிருந்தது. புரோகிராமில் முதலாவதற்கு 0.977, இரண்டாவதற்கு 1.015 என்று ஒரு பெருக்கும் எண்ணைச் சேர்த்தேன். மறுபடி அந்தக் குளிர்ந்த டம்ளருக்குள் இரண்டையும் போட்டபோது இரண்டும் 5.0க்கும் 5.1க்கும் நடுவில் மாறிமாறிக் காட்டின. டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் அந்த எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். அடுத்த வருஷம் அதே தேதியில் ஃபிளாஸ்க்கோடு கிளினிக்குக்குப் போக வேண்டும்.